பதராகும் பயிரும் செம்புப் பசளையும்

பயிரின் பசுமையைக் கண்டு மட்டும் விளைச்சலை மதித்துவிடலாகாது என்பதைக் கமக்காரர் எல்லோரும் அறிவர். சூடடித்துத் தூற்றும் நாளிலேதான் களத்தில் விழுவது மணியா, காற்றோடு போவது சப்பியா என்பது வெளிப்படும். கதிர் வெளிவரும் வேளையில் நீர் குறைந்தாலும், பால் பிடிக்கும் வேளையில் மூட்டுப்பூச்சி மொய்த்தாலும் நெல் பதராகும். இவை கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். ஆனால், மழையும் பிழைக்காமல், பூச்சியும் நோயும் அணுகாமல், வழக்கமான பசளைகளும் இட்டிருக்க, நிமிர்ந்து வளர்ந்த கோதுமையும் ஓட்ஸும் கதிர் ஈன்றபின் வெறும் வைக்கோலாய்ப் போன நிலங்கள் உலகில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தென் அவுஸ்திரேலியாவிலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் புதுநிலம் திருத்திக் குடியேறியவர்களுட் பலர் இத்தகைய நிலங்களில் உழைத்து, கடன்பட்டு, ஈற்றில் நிலத்தைக் கைவிட்டு அகன்றனர். உழைப்பிற் குறையில்லை. மண்ணிலே ஓர் உலோகம் குறைந்திருந்தது. அவ்வுலோகம் செம்பு.

வீட்டிற் புழங்கும் செம்பும் குடமும் ஆன உலோகத்தைப் பயிர் எங்ஙனம் உண்ணும் என்னும் ஐயம் எழுவது இயல்பே. பயிருக்கு நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகியவை பேரளவில் வேண்டும். கல்சியம், மகனீசியம், கந்தகம் ஆகியவை அவற்றுக்கு அடுத்த அளவில் வேண்டும். இவையன்றி இரும்பு, மங்கனீசு, நாகம், செம்பு, போரன், மொலித்தனம் முதலியவை மிகச் சிற்றளவில் வேண்டும். சிற்றளவு என்பது எத்துணைச் சிறிது? உலர்ந்த கோதுமை இலையைப் பத்து இலட்சம் பங்காக வகுத்தால் அவற்றுள் ஐந்தாறு பங்கு செம்பு இருந்தாற் போதும். ஆனால் இளம் இலையில் அவ்வளவு ஒன்றரைப் பங்குக்குக் கீழே இறங்குமாயின் பயிர் கதிரில் மணி காண்பது அரிது. போதுமென்பதற்கும் போதாதென்பதற்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவே.

இந்த நுண்மையினாலேயே செம்பு பயிர்க்கு உணவு என்பதை விஞ்ஞானிகள் நிறுவ நெடுங்காலம் பிடித்தது. ஒரு பொருள் பயிருக்கு இன்றியமையாததோ என்று அறிய வேண்டுமாயின், அப்பொருள் அறவே இல்லாத நீரிலே பயிரை வளர்த்துப் பார்க்க வேண்டும். செம்பை முற்றாக விலக்குவதோ எளிதன்று. ஆய்வுசாலையிற் காய்ச்சி வடித்த தூயநீரும் செம்பாலான வடிகலத்தில் வடிக்கப்பட்டிருப்பின், பயிருக்கு வேண்டிய செம்பை அந்த நீரே கொண்டுவந்து கொடுத்துவிடும். வடிகலத்தை மாற்றி, உப்புக்களையும் மீண்டும் மீண்டும் தூய்மை செய்த பின்னரே உண்மை புலப்பட்டது. 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சொமர் என்னும் பெண்மணியும், லிப்மன், மக்கினி என்னும் இருவரும் தனித்தனியே செய்த ஆராய்ச்சிகளால் செம்பின்றிப் பசும்பயிர் நிறைவாழ்வு வாழாது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. பின்னர் அடிலெய்ட் நகரத்தை அடுத்த வெயிற் ஆராய்ச்சி நிலையத்தில் பைப்பர் என்பவர் ஓட்ஸ் பயிரை மிகத் தூய கரைசல்களில் வளர்த்து, செம்புக் குறையின் இயல்புகளை ஆராய்ந்து 1942இல் வெளியிட்டார்.

இதற்கு முன்னரும் கமக்காரர் செம்பை அறியாதவரல்லர். ஆனால் அதனை அவர்கள் நஞ்சாகவே அறிந்திருந்தனர். மயில்துத்தம் என்றும் துருசு என்றும் கடைகளில் விற்கப்படும் நீலப் படிகமே செம்புச் சல்பேற்று. பிரான்சு தேசத்தின் மெடொக் பகுதியில், வழிப்போக்கர் திராட்சைப் பழங்களைப் பறித்துத் தின்னாதிருக்கும்பொருட்டு, வீதியோரக் கொடிகளுக்குத் துருசும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது வழக்கமாயிருந்தது. நீலம் பூத்த பழத்தைக் கண்டால் எவரும் அஞ்சுவரன்றோ? பூஞ்சண நோயால் மற்றக் கொடிகள் இலையுதிர்க்க, இந்த வீதியோரக் கொடிகள் மட்டும் பசுமையாய் நிற்பதை 1882இல் மில்லாடே என்னும் பேராசிரியர் கண்டார். ஆராய்ந்து 1885இல் அவர் வெளியிட்ட மருந்தே போர்டோக் கலவை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை 1946இல் கொப்புள நோய் பற்றியபோது காப்பாக நின்றவையும் செம்பு மருந்துகளே. பூஞ்சணத்தைக் கொல்லும் இக்கலவையைத் தெளித்த பயிர், நோய் இல்லாத இடத்திலும் சிலவேளை தெளிக்காத பயிரினும் செழித்து வளர்ந்ததைப் பலர் கவனித்தனர். மருந்து பயிரைத் தூண்டுகிறது என்று சொல்லி அதனை விட்டுவிட்டனர். உண்மையில் அங்கே பசித்த பயிர் உணவு உண்டது.

அமெரிக்காவின் புளோறிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ் சதுப்பு நிலத்தை வடித்துப் பயிரிட முயன்றபோது இந்த உண்மை இன்னும் தெளிவாயிற்று. புல்லும் கோரையும் மக்கி உருவான கரிய முற்றா நிலம் அது. பார்த்தவர் அதனிலும் வளமான மண் இல்லை என்றே எண்ணுவர். அங்கு இட்ட பயிர்களோ நிலைக்கவில்லை. அலிசன், பிறையன், ஹன்ரர் என்னும் மூவர் அந்த நிலத்துக்குச் செம்புச் சல்பேற்றை இட்டுப் பார்த்து, பயிர் எழுந்து நின்ற செய்தியை 1927இல் வெளியிட்டனர். ஒல்லாந்திலும் டென்மார்க்கிலும் புதிதாய்த் திருத்திய தரவை நிலங்களிலே ஓட்ஸ் பயிரை வாட்டிய ‘புதுநில நோய்’ என்பதும் இதே குறையே எனப் பின்னர் அறியப்பட்டது.

எனினும் செம்புப் பசளையின் வரலாற்றிற் பெரிய அத்தியாயம் அவுஸ்திரேலியாவிலேயே எழுதப்பட்டது. அது பயிரிலே தொடங்காமல் ஆட்டிலே தொடங்கியமை வியப்புக்குரியது.

தென் அவுஸ்திரேலியாவின் கடற்கரையில் றோப் என்னும் சிற்றூர் உண்டு. சிப்பியும் சங்கும் பொடிந்து உண்டான சுண்ணாம்பு மணல் மேடுகள் அதனைச் சூழ்ந்தவை. அங்கே மேய்ந்த செம்மறிகள் புல் இருக்கவும் மெலிந்தன. இரத்தம் வெளிறி இறந்தன. அவற்றைச் சில மாதங்கள் உள்நாட்டு மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிச் சென்றால் தேறிவிடும் என்பதை இடையர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆதலின் அதனைக் ‘கரையோர நோய்’ என்றனர். 1930களில் மாஸ்டன், லைன்ஸ் முதலான விஞ்ஞானிகள் இந்நோயை ஆராய்ந்து, கோபாற்று என்னும் உலோகத்தின் குறையே காரணமென முதலிற் கண்டனர். கோபாற்றுக் கொடுத்த ஆடுகள் தேறின; ஆயினும் றோப்பில் அவை முற்றாகத் தேறவில்லை. அவற்றின் உரோமம் தன் இயல்பான சுருளை இழந்து கம்பிபோல் நீண்டு தொங்கியது. கோபாற்றுடன் செம்பையும் சேர்த்துக் கொடுத்தபோதே ஆடும் தேறியது, உரோமமும் சுருண்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜிஞ்ஜின் முதலிய இடங்களில் பிறந்த குட்டிகள் பின்னங்கால் தள்ளாடி, நடக்க மாட்டாமல் விழுந்து மடிந்தன. கருவுற்ற தாயாடுகளுக்குச் செம்பு போதாமையே இதற்குக் காரணமென்று பெனற்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் 1937இல் அறிவித்தார். அம்மாநிலத்தின் தென்மேற்கிலே, மேய்ந்துகொண்டிருக்கும் பசு திடீரெனக் கீழே விழுந்து இறக்கும் ‘விழும் நோய்’ ஒன்றும் இருந்தது. அதற்கும் அதே குறையே மூலம் என்பதை அவர் சில ஆண்டுகளிற் காட்டினார்.

விலங்கு உண்பது புல். புல் உண்பது மண். விலங்கிற் செம்பு இல்லையெனின் புல்லில் இல்லை. புல்லில் இல்லையெனின், அந்த மண்ணில் முளைக்கும் தானியப் பயிர் மட்டும் எவ்வாறு நிறைவாயிருக்கும்? இக்கேள்வியே ஆராய்ச்சியை மந்தையிலிருந்து வயலுக்குத் திருப்பியது. றோப் மணலில் செம்புச் சல்பேற்று இட்டு ஓட்ஸ் பயிரிட்ட றைஸ்மன், டொனல்ட் என்பவர்கள், இட்ட பாத்திக்கும் இடாத பாத்திக்கும் இருந்த வேற்றுமையை 1938இல் வெளியிட்டனர். மேற்கு அவுஸ்திரேலியாவில் ரீக்கிள் என்பவரும் அவரோடிணைந்தோரும் 1940ஐ அடுத்த ஆண்டுகளில் கோதுமை வயல்களில் இதே சோதனையைப் பல இடங்களிற் செய்து, செம்பு வேண்டும் மண்வகைகளை இனங்கண்டனர்.

தென் அவுஸ்திரேலியாவில் மறே ஆற்றுக்கும் விக்ரோறியா மாநில எல்லைக்கும் இடையே கிடந்தது ‘தொண்ணூறு மைல் பாலை’. அடிலெய்ட்டிலிருந்து மெல்பேணுக்குச் செல்லும் புகைவண்டி இதனூடே ஓடும். பாலை என்ற பெயர் இதற்குப் பொருந்தாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 18 அங்குல மழை இங்கே பெய்யும். மன்னாரில் பெய்யும் மழையில் அரைவாசி எனலாம். ஆனால் அது குளிர்காலத்திற் சிறுகச் சிறுகப் பெய்து மண்ணில் ஊறுவதாகலின் கோதுமைக்கும் மேய்ச்சற் புல்லுக்கும் தாராளமாய்ப் போதும். புகைவண்டிப் பாதை உண்டு, துறைமுகம் தூரமன்று, மழை உண்டு. இருந்தும் அங்கே குட்டை யூக்கலிப்டசு மரங்களும் பற்றைகளுமே மண்டியிருந்தன. பற்றையை வெட்டிக் கொளுத்தி உழுது விதைத்தவர்கள் தோற்றனர். சுப்பர் பொசுபேற்று இட்டும் தோற்றனர். மணலுக்கு வளமில்லை என்று சொல்லி நிலத்தைப் பற்றைக்கே விட்டுச் சென்றனர்.

றைஸ்மன் இந்தப் பாலைக்கு வந்து, கீத் என்னும் ஊரின் அயலில், 1940களின் முற்பகுதியிற் பாத்தி பாத்தியாகச் சோதனை செய்தார். றோப்பிற் கண்ட மருந்து இங்கே தனித்துப் பலிக்கவில்லை. செம்பை மட்டும் இட்ட பாத்தி சிறிதே தேறியது. நாகத்தை மட்டும் இட்ட பாத்தியும் அவ்வாறே. சுப்பர் பொசுபேற்றுடன் செம்பையும் நாகத்தையும் ஒருங்கே இட்ட பாத்தியிலேயே குளோவரும் புல்லும் நிலத்தை மூடி வளர்ந்தன. இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியை ஒரு சாவியால் திறக்க முயன்றதே முன்னைய முயற்சிகளின் குறை. இட வேண்டிய அளவோ மிகச் சிறிது. ஏக்கருக்குச் செம்புச் சல்பேற்று ஏறத்தாழ 7 இறாத்தல், நாகச் சல்பேற்று ஏறத்தாழ 7 இறாத்தல், அவ்வளவே. இவற்றைச் சுப்பர் பொசுபேற்றுடன் கலந்து இட்டால் தனி வேலையும் இல்லை.

போருக்குப் பின் வேலை விரைந்தது. ஏ. எம். பி. என்னும் காப்புறுதிக் கழகம் 1949இல் தன் முதலைக் கொண்டு இங்கே நிலந்திருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. பற்றையைச் சாய்த்து, உழுது, செம்பும் நாகமும் கலந்த பசளை இட்டு, குளோவரும் லூசேண் என்னும் தீவனப்பயிரும் விதைத்து, பின்பு பண்ணைகளாகப் பகுத்துக் குடியேற்றினர். குளோவர் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குச் சேர்த்தது. அம்மண்ணிற் பின்பு தானியமும் விளைந்தது. இலட்சக்கணக்கான ஏக்கர் நிலம் இவ்வாறு மேய்ச்சலுக்கும் பயிருக்கும் வந்தது. பாலை என்ற பெயர் அங்கு வாழ்ந்தோருக்குப் பிடிக்காமற் போகவே, அப்பகுதி கூனல்பின் டவுன்ஸ் என்னும் புதுப்பெயர் பெற்றது.

இத்துணைச் சிறிய அளவுச் செம்பு பயிரினுள்ளே செய்யும் வேலைதான் என்ன? பயிரின் உடலில் நிகழும் மாற்றங்கள் பலவற்றை நொதியங்கள் என்னும் பொருள்கள் நடத்துகின்றன. அவற்றுட் சில செம்பைத் தம் உறுப்பாகக் கொண்டாலன்றித் தொழிற்படா. இலை ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு உணவாக்கும் தொழிலிலும், அவ்வுணவை எரித்துச் சத்தி பெறும் சுவாசத்திலும் செம்புக்குப் பங்குண்டு. தண்டுக்கு உறுதி தரும் இலிக்னின் என்னும் பொருள் உண்டாவதற்கும் அது வேண்டும். செம்பு குறைந்த பயிரின் தாள் வலுவிழந்து வளைவதும் சாய்வதும் இதனாலேயே. எல்லாவற்றிலும் கேடானது மகரந்தத்துக்கு நேர்வது. செம்பு குறைந்த கோதுமையின் மகரந்தம் மலடாகிறது என்பதைக் கிரகம் என்னும் அவுஸ்திரேலிய ஆய்வாளர் 1975இற் காட்டினார். பூவின் பெண்ணுறுப்பு பெரிதும் பழுதின்றியிருக்க, ஆண்தூள் பயனற்றுப் போவதால் மணி கட்டுவதில்லை. கதிர் வரும்வரை ஒன்றும் தெரியாதிருந்து, அறுவடையிற் பேரிழப்பு வெளிப்படுவதன் காரணம் இதுவே. அறிகுறியெதுவும் இலையிற் காட்டாமலே விளைச்சலில் ஒரு பங்கை இழந்துவிடும் பயிரும் உண்டு.

குறை கடுமையாயிருப்பின் இலையும் அடையாளம் காட்டும். முதிர்ந்த இலைகள் பச்சையாகவே இருக்கும். இளம் இலையின் நுனி வெளிறி வாடி, காய்ந்து, முறுக்கிய நூல்போலச் சுருளும். நைதரசன் குறைந்தால் முதலில் மஞ்சளாவது கீழிலை. செம்பு குறைந்தால் முதலில் வாடுவது மேலிலை. இந்த வேற்றுமையைக் கமக்காரர் நினைவிற் கொள்வது நன்று. கதிர்கள் உறையிலிருந்து முற்றாக வெளிவராமலும், நுனி வெளுத்தும் நிற்கும். முதற்கதிர் பதராகிவிடவே, பயிர் அடியிலிருந்து காலந்தாழ்த்திப் புதுமட்டங்களை வெடிக்கும்; அயல் வயல் அறுவடைக்கு நிற்க, இது பச்சையும் வெள்ளையுமாய் நிற்கும். உறைபனி தாக்கிய கோதுமையும் ஏறத்தாழ இவ்வாறே தோன்றுமாதலால், பனியின்மேற் பழியைப் போட்டு ஆண்டாண்டாக இழந்தவர்கள் உண்டு.

எல்லாப் பயிரும் ஒரே அளவில் வருந்துவதில்லை. தானியங்களுட் கோதுமை மிக வருந்தும். ஓட்ஸும் பார்லியும் அதற்கு அடுத்தவை. றை என்னும் தானியமோ கோதுமை வைக்கோலாய்ப் போகும் மண்ணிலும் மணி தரும். அதன் வேர் செம்பைத் தேடிப் பற்றுவதில் வல்லது. கோதுமையையும் றையையும் கலந்து உருவாக்கிய திரிற்றிக்கேல் என்னும் புதுத் தானியத்துக்கும் அவ்வாற்றல் வந்து சேர்ந்துள்ளது.

மண்ணைப் பொறுத்தவரையில், செம்பு குறைவதற்கு இருவழிகள் உண்டு. வெளுத்த மணலிலும் சிப்பி மணலிலும் செம்பு தொடக்கத்திலிருந்தே அரிது. மக்கிய முற்றா நிலத்திலோ செம்பு இருந்தாலும், இலைதழை மக்கியதால் உண்டான பொருள்கள் அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். வேர் கேட்டால் விடா. இவையன்றிக் கமக்காரரின் கையும் குறையை மிகுவிக்கக்கூடும். நைதரசன் பசளையை மிகுதியாக இட்டால் பயிர் விரைந்து வளர்கிறது. வேர் எடுத்த சிறிதளவு செம்பு பெரிய உடலெங்கும் பரந்து போதாமற் போகிறது. அன்றியும், முதிர்ந்த இலை தான் வாடும்வரை தன்னிடமுள்ள செம்பை இளம் இலைக்கு விட்டுக்கொடுப்பதில்லை. நைதரசனோ அவ்விலையை வாடவிடாமல் நெடுநாள் பச்சையாய் வைத்திருக்கும். சேமிப்பு வீட்டிலிருக்கப் பிள்ளை பட்டினி கிடப்பது போன்றது இது. வேறொன்றும் உண்டு. நிலத்தின் மேற்பரப்பிலேயே செம்பு தங்குவதால், கதிர் விடும் காலத்தில் மேல்மண் காய்ந்துவிட்டால், அடிமண்ணில் ஈரம் இருந்தும் வேர் செம்பை எடுக்க இயலாது. ஒரே வயல் ஓராண்டு விளைந்து மறு ஆண்டு பதராவதன் மறைபொருள் பெரும்பாலும் இதுவே.

இனி, செம்புப் பசளையை இடும் முறை. ஹெக்டேயர் ஒன்றுக்கு இரண்டு கிலோகிராம் செம்பு என்பது மேற்கூறிய 7 இறாத்தல் செம்புச் சல்பேற்றுக்கு ஒப்பாகும். ஏனெனில் இந்த உப்பின் நிறையில் நாலிலொரு பங்கே செம்பு. இவ்வளவு சிறிய பொருளைப் பரந்த நிலத்திற் சமமாகப் பரப்புவதே இத்தொழிலின் அருமை. நைதரசன் நீரோடு நகர்ந்து வேரைத் தேடி வரும்; செம்போ விழுந்த இடத்தை விட்டு அசையாது. ஆகவே அங்கொரு கட்டி இங்கொரு கட்டியாய் விழுந்த செம்பு பெரும்பாலான வேர்களுக்கு எட்டாது. பசளையிற் சீராகக் கலந்து இட்டு, உழுது மண்ணோடு நன்றாகக் கலக்க வேண்டும். முதலாண்டில் அரைப்பயன் தந்த செம்பு, அடுத்த உழவுகளில் மண்ணிற் பரவப் பரவ முழுப்பயன் தருவதும் உண்டு. உழாது விதைக்கும் முறை பரவிய நாடுகளில் செம்பு மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது, இது கவனத்துக்குரியது.

பயிர் வளர்ந்த பின் குறை தெரியவந்தால் இலைக்குத் தெளித்தலே வழி. ஹெக்டேயருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் செம்புச் சல்பேற்றை வேண்டிய நீரிற் கரைத்துத் தெளிப்பர். மட்டம் வெடித்து முடியும் காலத்துக்கும் குடலைப் பருவத்துக்கும் இடையே இதனைச் செய்ய வேண்டும். மகரந்தம் உருவாகும் காலம் கடந்தபின் தெளித்தால் இலை பசுக்கும், கதிர் பசுக்காது. செம்பு இலையிலிருந்து இலைக்கு எளிதில் நகராதாகலின், குறை மிகக் கடியதாயின் இருமுறை தெளிக்க வேண்டியும் வரலாம். துருசுக் கரைசல் இரும்பை அரிக்குமாதலால் இரும்புத் தாங்கிகளில் அதனை வைத்திருத்தல் கூடாது. கரைசல் செறிவாயின் இலை கருகும் என்பதையும் மறத்தலாகாது. விதைக்குப் பூசும் செம்பு, கடுங்குறை உள்ள நிலத்திற் பயிரின் ஆயுள் முழுவதுக்கும் போதாது.

மண்ணிலிட்ட செம்பு எத்தனை ஆண்டு நிற்கும்? கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேயரில் இரண்டாயிரம் கிலோகிராம் கோதுமை விளைந்தால், அம்மணிகளோடு நிலத்தை விட்டுச் செல்லும் செம்பு பத்துக் கிராம் அளவே. இட்டதோ இரண்டாயிரம் கிராம். மண் அதிற் பெரும்பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டாலும், ஒருமுறை இட்ட செம்பு இருபது ஆண்டுகளுக்கு மேலும் பயன் தந்தமை மேற்கு அவுஸ்திரேலியாவின் நீண்டகாலச் சோதனைகளிற் காணப்பட்டது. யூரியாவைப்போல் ஆண்டுதோறும் வாங்கி இடும் பசளையன்று இது.

நெடுநாள் நிற்பது நன்மையேயாயினும், மிஞ்சிவிட்டால் அதுவே தீமை. மிகுதியாய் விழுந்த செம்பை மண்ணிலிருந்து எடுத்துவிட வழியில்லை. போர்டோ நாட்டிலே பல பத்தாண்டுகளாகத் துருசுக் கலவை தெளித்த திராட்சைத் தோட்டங்களின் மண்ணிற் செம்பு திரண்டு, கொடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைத்த இடங்களில் அப்பயிர்களின் வேரைக் கருக்கிக் குறுக்கியது. ஆட்டுக்கும் அவ்வாறே. செம்பு போதாமல் தள்ளாடி இறந்த அதே செம்மறியே, செம்பு மிஞ்சினால் ஈரலில் அது திரண்டு இறந்துபோகும். செம்பின் நஞ்சுக்கு மாட்டைவிட ஆடே விரைவில் இரையாகிறது. எனவே செம்பு இட்ட மேய்ச்சல் நிலத்தில், நல்ல மழை பெய்து புல்லைக் கழுவும்வரை ஆட்டை விடாமலிருப்பது வழக்கம். மொலித்தனம் என்னும் மற்றொரு சிற்றளவு உலோகம் புல்லில் மிகுந்தால், விலங்கின் உடலிற் செம்பு ஏறுவதை அது தடுக்கும் என்பதும் அறியப்பட்டுள்ளது. ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்றையும் நோக்கியே கூட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே, பயிர் வாடிய இடமெங்கும் துருசைக் கொட்டுவது மருத்துவமன்று. இலங்கையின் நெல்வயல்களில் பெரிதும் பேசப்படும் சிற்றளவுக் குறை நாகத்தின் குறையேயன்றிச் செம்பின் குறையன்று. ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றொன்றுக்கு இடுவதிற் பயனில்லை. அவுஸ்திரேலியக் கமக்காரர் இதற்கென ஒரு முறையைக் கையாளுகின்றனர். ஐயமுள்ள வயலின் நடுவே ஒரு கீற்றுக்கு மட்டும் செம்பு தெளித்து, இரு முனையிலும் முளையடித்து, அறுவடையில் அக்கீற்றின் மணியையும் அயலின் மணியையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பர். அதனினும் நுட்பமானது இலைச்சோதனை. கதிர் வருவதற்கு முன், பயிரின் உச்சியில் இறுதியாக விரிந்த இளம் இலைகளை மட்டும் வயலெங்கும் நடந்து சேர்த்து ஆய்வுசாலைக்கு அனுப்புவர். முதிர்ந்த இலையைக் கலந்து அனுப்பினால் விடை பொய்யாகும். அதில் அடைபட்டிருக்கும் செம்பு, இல்லாத நிறைவைக் காட்டும். மண்சோதனையும் உண்டு, ஆயினும் பயிர் எடுக்கக்கூடிய செம்பு எவ்வளவு என்பதை மண்ணைவிட இலையே தெளிவாய்ச் சொல்லும்.

1950களிலும் 1960களிலும் அந்நாட்டில் செம்பு பெற்ற வயல்களுட் சிலவற்றில் விளைச்சல் இன்று முன்னையிலும் பன்மடங்கு. இடப்படும் நைதரசனும் அவ்வாறே. தந்தையார் காலத்தில் இட்ட செம்பு இன்னும் போதுமா என்னும் கேள்வி அவ்வயல்களில் மீண்டும் எழுந்துள்ளது. எந்தப் புலத்துக்கு எந்த ஆண்டில் எவ்வளவு இட்டோம் என்று குறித்து வைத்த குடும்பங்கள் பழைய ஏட்டைத் திறந்து பார்க்கின்றன. குறித்து வையாதவர்கள் இளம் இலைகளைக் கொய்து ஆய்வுசாலைக்கு அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருக்கிறார்கள்.